கூரையில் மறைத்த வாழையிலை, சுவரில் மறைத்த குருவானவர்... தெரியுமா?

1619! இந்த ஓர் ஆண்டை மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டு யூன் மாதம் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயப் பறங்கியர் கையில் விழுந்தது. சங்கிலி மன்னன் பிடிபட்டான். பாடசாலைப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் அதே 1619இல் ஸ்பெயினின் மத்ரித் நகரில் ஒரு நாடகத் தொகுதி அச்சேறியது, தெரியுமா? எழுதியவர் லோப்பே டி வேகா. தொகுதியில் இருந்த ஒரு நாடகத்தின் பெயர் 'ஃபுவெந்தே ஒவெஹுனா'. அது ஒரு கிராமத்தின் பெயர். மார்பில் சிலுவை தரித்த படைத்தலைவன் ஒருவன் அந்தக் கிராமத்துப் பெண்களைத் தன் உடைமை போல நடத்துகிறான். பொறுக்க முடியாமல் ஊரே திரண்டு அவனைக் கொன்றுவிடுகிறது. விசாரணைக்கு வந்த நீதிபதி கிழவனையும் சிறுவனையும்கூட விடாமல் சித்திரவதை செய்கிறான். கொன்றது யார் என்ற கேள்விக்கு ஒவ்வொருவர் வாயிலிருந்தும் வருவது ஊரின் பெயர் மட்டுமே! கற்பனை என்று எண்ணிவிடாதீர்கள். 1476இல் உண்மையாகவே நடந்த சம்பவம் அது.

இனித்தான் வியப்பு. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கலும் ஸ்பெயினும் ஒரே முடியின் கீழ் இருந்தன. அதிகாரத்தின் அட்டூழியத்தைத் தோலுரித்த அந்த நாடகம் எந்த மன்னனின் ஆட்சியில் அச்சானதோ, அதே மூன்றாம் பிலிப்பின் பெயரால்தான் யாழ்ப்பாணமும் பறிக்கப்பட்டது. 1621இல் நல்லூர்க் கோயில் இடிக்கப்பட்டது. அங்கே மேடையில் நீதி, இங்கே மண்ணில் இடிபாடு!

1619 இன்னும் முடியவில்லை. அந்த ஆண்டு மே 13ஆம் நாள், ஒல்லாந்தின் ஹேக் நகரில் 71 வயது முதியவர் ஒருவரின் தலை வெட்டப்பட்டது. ஒல்டன்பார்னவெல்ட் என்பது அவர் பெயர். 1602இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி பிறப்பதற்குக் காரணமாக இருந்தவர்களில் முதன்மையானவர். ஆம், பின்னாளில் யாழ்ப்பாணத்தை ஆண்ட அதே கம்பனிதான்! மதத்தையும் அரசியலையும் குழைத்து, தேசத்துரோகம் என்று பழி சுமத்தி, நாட்டைக் கட்டியவரையே கொன்றார்கள்.

அந்தக் கொலையை நாடகமாக்கத் துணிந்தவர் யார் தெரியுமா? காலுறை விற்ற ஒரு கடைக்காரர்! அம்ஸ்ரர்டாமில் காலுறைக் கடை நடத்திய யோஸ்ட் வான் டென் வொண்டல்தான் ஒல்லாந்த மொழியின் தலைசிறந்த நாடகாசிரியர். 1625இல் அவர் 'பலமேடிஸ்' என்ற நாடகத்தை வெளியிட்டார். கதை பழைய கிரேக்கக் கதை. பலமேடிஸ் என்னும் நேர்மையான தலைவனின் கூடாரத்தில் பகைவர் பொன்னைப் புதைத்து வைத்துவிட்டு, எதிரியிடம் இலஞ்சம் வாங்கினான் என்று பழி போட்டுக் கொல்கிறார்கள். வாசித்த எல்லோருக்கும் விளங்கிவிட்டது, கிரேக்க உடுப்புக்குள் நிற்பவர் ஒல்டன்பார்னவெல்ட் என்று. வொண்டல் நண்பர்கள் வீட்டில் ஒளிந்திருந்தார். அம்ஸ்ரர்டாம் நகர ஆட்சியாளர் அவரை ஹேக்குக்கு அனுப்ப மறுத்து, 300 கில்டர் தண்டத்தோடு விட்டார்கள். 1654இல் அவர் எழுதிய 'லூசிபர்' நாடகத்தைப் பாதிரிமார் இரண்டே காட்சிகளோடு நிறுத்துவித்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1658இல், அதே நாட்டார் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் நுழைந்தார்கள்.

பொன்னைப் புதைத்துப் பழி போட்ட கதையை நினைவில் வைத்திருங்கள். இப்போது காங்கேசன்துறை வீதியால் இணுவிலுக்கு வருவோம்.

இணுவிலில் ஒரு நாடகாசிரியர்

இணுவில் என்றதும் தவில் நினைவுக்கு வரும். தட்சணாமூர்த்தி பிறந்த மண். செம்மண் தோட்டத்துப் புகையிலை நினைவுக்கு வரும். தைப்பூசத்துக்கு வீதியுலா வரும் பெருமஞ்சம் நினைவுக்கு வரும். ஆனால் ஒல்லாந்தர் காலத்திலேயே இந்த ஊரில் ஒரு நாடகாசிரியர் வாழ்ந்தார், தெரியுமா?

சின்னத்தம்பிப் புலவர். நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் வேறு, இவர் வேறு. இருவரும் ஒல்லாந்தர் காலத்தவர் என்பதால் பலர் குழம்புவதுண்டு. மறைசையந்தாதியும் பறாளை விநாயகர் பள்ளும் பாடியவர் நல்லூரார். இணுவிலாரோ, ஊரவர் இன்றும் இளந்தாரி என்று கும்பிடும் கைலாயநாதன் பேரில் பஞ்சவன்னத்தூது பாடியவர். கோவலன் நாடகம், அனிருத்த நாடகம், நொண்டி நாடகம் என்று மூன்று நாடகங்களும் அவர் பெயரில் சொல்லப்படுகின்றன.

கோவலன் நாடகம்! ஒரு கணம் நின்று யோசியுங்கள். அரண்மனைச் சிலம்பைத் தானே திருடிவிட்டு, அப்பாவி ஒருவன் தலையில் பழியைப் போடும் பொற்கொல்லன். ஊரில் மதிப்பும் அரண்மனையில் செல்வாக்கும் உள்ளவன் அவன். அவன் சொல்லை அப்படியே நம்பி, விசாரிக்காமல் கொல்லச் சொல்லும் அரசன். அம்ஸ்ரர்டாம் காலுறைக் கடைக்காரர் பொன்னால் பழிசுமத்தப்பட்ட ஒருவனின் கதையைத் தேர்ந்தார். அந்தக் கடைக்காரரின் நாட்டார் ஆண்ட ஊரில் இருந்துகொண்டு, இணுவில் புலவரும் பொன்னால் பழிசுமத்தப்பட்ட ஒருவனின் கதையையே தேர்ந்தார்! இருவரும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க வழியே இல்லை. மெய்சிலிர்க்கவில்லையா?

அந்தப் புலவரையும் ஒல்லாந்தர் சிறையில் போட்டார்கள் என்பது ஊர் வழிவழியாகச் சொல்லும் கதை. சிறைக்குள் இருந்தபடியே அவர் இணுவில் சிவகாமியம்மையை நினைத்துப் பதிகம் பாடினாராம், விடுதலையானாராம். அந்தப் பாடலுக்குச் 'சிறைநீக்கிய பதிகம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. சிறுவயதில் சிவகாமியம்மன் கோயில் வாசலைக் கடக்கும்போதெல்லாம் பெரியவர்கள் இந்தக் கதையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு அது அம்மனின் அற்புதமாக மட்டுமே தெரிந்தது. எழுத்தைக் கண்டு ஓர் அரசு அஞ்சும் என்பது பின்னர்தான் உறைத்தது.

இலண்டனிலும் இதே கதைதான். சேக்ஸ்பியரின் சமகாலத்தவர் பென் ஜோன்சன் 1597இல் 'நாய்களின் தீவு' என்ற நாடகத்துக்காகச் சிறைக்குப் போனார். அந்த நாடகத்தின் ஒரு வரிகூட இன்று எஞ்சவில்லை! 1605இல் 'கிழக்கு நோக்கி' என்ற நாடகத்துக்காக மறுபடியும் சிறை. காதையும் மூக்கையும் அறுப்பார்கள் என்று பேச்சு அடிபட்டது. விடுதலையான பின் நடந்த விருந்தில் அவருடைய தாயார் ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினாராம். உள்ளே நஞ்சு! தண்டனை நிறைவேறியிருந்தால் மகனின் பானத்தில் கலந்து கொடுத்து, தானும் அருந்த வைத்திருந்தாராம். ஜோன்சனே பின்னாளில் நண்பரிடம் சொன்ன செய்தி இது.

அடுத்த ஆண்டே அந்த மனிதர் 'வொல்பொனி' எழுதினார். அதில் ஒரு நீதிமன்றக் காட்சி வருகிறது. நான்கு நீதிபதிகள். குற்றக் கூண்டில் நிற்க வேண்டிய வேலைக்காரன் பெரும் சொத்துக்கு வாரிசாகிவிட்டான் என்று செய்தி வருகிறது. உடனே ஒரு நீதிபதி, வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, இவன் என் மகளுக்கு நல்ல மாப்பிள்ளை என்று தனக்குள் கணக்குப் போடுகிறார். யாழ்ப்பாணத்தில் கலியாணம் பேசிய எவருக்கும் இந்தக் காட்சிக்கு விளக்கம் தேவையில்லை.

இலையும் குருவும்

பறங்கியர் காலத்தில் விரதச் சோறு உண்ட வாழையிலையை வெளியே எறிய முடியாது என்று நம் பாட்டிமார் சொல்லியிருப்பார்கள். எறிந்தால் யாராவது கண்டு காட்டிக்கொடுப்பார்கள். ஆகவே இலையைச் சுருட்டிக் கூரையில் செருகி மறைத்தார்கள். வீட்டுக்கொரு பசு இறைச்சிக்காக முறைவைத்துக் கொடுக்க வேண்டும் என்ற கட்டளைக்கு அஞ்சி, தன் முறை வருவதற்கு முன் இரவோடிரவாகக் கடல் கடந்தார் திருநெல்வேலி ஞானப்பிரகாசர் என்பதும் அந்தக் காலக் கதைதான். சிதம்பரத்தில் அவர் பெயரால் குளமே இருக்கிறது.

ஒல்லாந்தர் வந்தபின் முறை மாறியது, நெருக்கடி மாறவில்லை. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாவிட்டால் தண்டம். ஞானஸ்நானமும் கலியாணமும் பாடசாலைத் தோம்பில் பதியப்பட வேண்டும். பதிவில்லாவிட்டால் பிள்ளையின் வாரிசுரிமையே கேள்விக்குள்ளாகும். உத்தியோகம் வேண்டுமென்றால் கிறித்தவப் பெயர் வேண்டும். 1734இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை மீண்டும் எழுப்பிய இரகுநாத மாப்பாண முதலியாரின் பெயருக்கு முன்னால் என்ன இருந்தது தெரியுமா? 'டொன் யுவான்'! தோம்புக்கு ஒரு பெயர், முருகனுக்கு ஒரு நெஞ்சு.

இதற்கு முந்திய காலத்து இங்கிலாந்தை எட்டிப் பாருங்கள். 1559ஆம் ஆண்டுச் சட்டப்படி ஞாயிறன்று அரசின் திருச்சபைக் கோயிலுக்குப் போகாவிட்டால் 12 பென்ஸ் தண்டம். 1581இல் அது மாதத்துக்கு 20 பவுணாக ஏறியது, பலரைத் தெருவுக்குக் கொண்டுவரக்கூடிய தொகை. பழைய கத்தோலிக்க நம்பிக்கையை விட மனமில்லாதவர்கள் ஞாயிறுகளில் தலைகாட்டிவிட்டு வந்து, வீட்டுக்குள் இரகசியமாகப் பூசை கண்டார்கள். பூசை செய்யும் குருவானவரை ஒளித்து வைக்கச் சுவருக்குள்ளும் படிக்கட்டுக்கு அடியிலும் பொந்து கட்டினார்கள்! நிக்கலஸ் ஓவன் என்ற தச்சர் வாழ்நாள் முழுவதும் இத்தகைய மறைவிடங்களைக் கட்டிக்கொண்டே இருந்தார். 1606இல் பிடிபட்டுச் சித்திரவதையில் உயிர் விட்டார். மறைவிடங்கள் எங்கே என்று கடைசிவரை சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தில் கூரைக்குள் இலை. இங்கிலாந்தில் சுவருக்குள் குரு!

சேக்ஸ்பியரின் தந்தையார் பெயரே 1592இல் கோயிலுக்கு வராதோர் பட்டியலில் இருக்கிறது, தெரியுமா? பென் ஜோன்சன் 12 ஆண்டுகள் கத்தோலிக்கராக வாழ்ந்தார். வொண்டல் 1641 அளவில் கத்தோலிக்கராக மாறினார். அந்தக் கத்தோலிக்கத்தைத்தான் அவருடைய நாட்டார் யாழ்ப்பாணத்தில் தடைசெய்து வைத்திருந்தார்கள். அந்தத் தடையை மீறி 1687இல் கோவாவிலிருந்து ஒரு குருவானவர் பிச்சைக்கார வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சில்லாலையில் தங்கினார். யோசப் வாஸ் அடிகளார். 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பில் பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இவ்வளவையும் அடுக்குவதற்கு ஒரு காரணம் உண்டு. வேடம் போட்டவர் எல்லோரும் பாசாங்குக்காரர் அல்லர். இலையை ஒளித்தவளும் பிச்சைக்கார வேடத்தில் வந்த அடிகளாரும் உயிரையும் நம்பிக்கையையும் காப்பாற்ற வேடம் போட்டார்கள். அவர்களை வேடம் போட வைத்தவர்கள் போட்டது வேறொரு வேடம். அது ஆளுவதற்கான வேடம். முன்னதை மன்னிக்கவும் பின்னதைத் தோலுரிக்கவும் அக்காலத்து நாடகங்களுக்குத் தெரிந்திருந்தது. வேடம் மூச்சுமுட்ட நிறைந்த ஒரு காலத்தில் நாடகம் தழைத்ததில் எனக்கு வியப்பில்லை. பார்க்க வந்த ஒவ்வொருவரும் வீட்டில் ஒரு வேடத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

சீதனம் கடலில் போனது

ஆளுவதற்கான வேடம் என்ற பொருளைச் சேக்ஸ்பியர் நேருக்கு நேர் எடுத்த நாடகம் 'அளவுக்கு அளவு'. 1604 டிசம்பர் 26 இரவு, முதலாம் ஜேம்ஸ் மன்னரின் அரண்மனையில் அது ஆடப்பட்டது. ஆனால் அச்சில் வந்தது எப்போது தெரியுமா? 1623இல். நம் கடைசி மன்னன் சங்கிலிக்குக் கோவாவில் மரணதண்டனை நிறைவேறிய ஆண்டும் அதுவே!

வியன்னாவின் கோமகன் ஊரை விட்டுப் போவதாகச் சொல்லி, ஆட்சியை அஞ்சலோ என்பவனிடம் ஒப்படைக்கிறான். அஞ்சலோ ஒழுக்கத்துக்குப் பேர்போனவன். யாரும் தொடாமல் கிடந்த பழைய சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, கலியாணத்துக்கு முன் காதலியைத் தாயாக்கிய கிளாடியோவின் தலையை வெட்டுங்கள் என்று தீர்ப்பளிக்கிறான். கிளாடியோவின் தங்கை இசபெல்லா, கன்னியர் மடத்தில் சேர இருந்தவள், அண்ணனுக்காக மன்றாட வருகிறாள். ஒழுக்கசீலன் கேட்கும் விலை அவளுடைய உடல்! வெளியே சொல்வேன் என்கிறாள் அவள். உன்னை யார் நம்புவார்கள் என்கிறான் அவன். நல்ல பெயர்தான் அவனுடைய கவசம். பதவியில் இருப்பவனின் நல்ல பெயர் எவ்வளவு கொடிய ஆயுதமாகலாம் என்பதை இதைவிடச் சுருக்கமாக மேடையில் சொன்னவர் இல்லை.

இந்த அஞ்சலோ முன்பு ஒருத்தியைக் கலியாணம் பேசி நிச்சயித்துவிட்டுக் கைவிட்டவன். ஏன் தெரியுமா? சீதனம்! மரியானாவின் சீதனத்தை ஏற்றிவந்த கப்பல், அவளுடைய அண்ணனோடு சேர்ந்து கடலில் மூழ்கியது. சீதனம் போனதும் அவளுடைய நடத்தையில் குறை இருப்பதாகச் சொல்லி விலகிக்கொண்டான். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையில் சீதனத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறதென்று அறிந்தவர்களுக்கு, வியன்னா இணுவிலுக்குப் பக்கத்து ஊர் போலவே தோன்றும்.

இசபெல்லா இறுதியில் நகர வாசலில், திரும்பி வந்த கோமகனின் முன் விழுந்து நீதி கேட்கிறாள். பித்துப் பிடித்தவள் என்று இழுத்துச் செல்லப்படுகிறாள். நம் கண்ணகியும் வாசலில் நின்றுதான் கேட்டாள். அவள் கையில் ஒற்றைச் சிலம்பு இருந்தது, உடைத்தாள், உள்ளிருந்து மாணிக்கம் தெறித்தது, உண்மை வெளிப்பட்டது. இசபெல்லாவின் கையில் அப்படி எதுவும் இல்லை. அங்கே கோமகனே துறவி வேடத்தில் மறைந்திருந்து எல்லாவற்றையும் கண்டதால்தான் உண்மை வெளியே வருகிறது.

முடிவோ தலைகீழ். பிழை செய்தோம் என்று அறிந்த கணத்தில் பாண்டியன் அரியணையிலேயே உயிர் விடுகிறான். அஞ்சலோவுக்குக் கிடைப்பது மன்னிப்பும் மரியானாவோடு கலியாணமும்! கோமகன் இசபெல்லாவையும் தனக்குக் கேட்கிறான். அவள் பதிலே சொல்லாமல் நாடகம் முடிகிறது. நடிகைகள் அந்த மௌனத்தை வெவ்வேறாக நடித்துப் பார்க்கிறார்கள். என் தீர்ப்பைக் கேட்டால், கோவலன் கதை சேக்ஸ்பியரைவிடக் கண்டிப்பானது. தவறான தீர்ப்புக்கு மன்னிப்பு என்ற ஒன்றை அந்தக் கதை அறியாது.

தொழுவில் மாட்டிய கால்

பள்ளு நாடகங்களில் ஒரு பண்ணைக்காரன் வருவான். வயல் மேற்பார்வையாளன். பள்ளனின் மூத்த மனைவி முறையிட்டதும் அவனைப் பிடித்து மரத்தொழுவில் காலை மாட்டிவிடுவான். 1606 அளவில் வந்த 'லியர் மன்னன்' நாடகத்திலும் நேர்மையான கென்ட் பிரபுவின் காலைத் தொழுவில் மாட்டுகிறார்கள்! பித்தேறிய லியர் பின்னர் சொல்வதைக் கேட்டால் தூக்கிவாரிப் போடும்: தான் மனதில் விரும்பிய குற்றத்துக்கே இன்னொருத்தியின் முதுகில் சவுக்கை வீசும் காவலனைப் பற்றி அவர் பேசுவார்.

பள்ளில் பண்ணைக்காரனைக் கேலி செய்வார்கள், அவனுடைய தோற்றத்தைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் சிரிப்பு அடங்கியதும் பள்ளன் மறுபடி வயலுக்குத்தான் போகிறான். பாடிய புலவர்கள் நிலமுடையோர் பக்கத்தவர். ஆகவே பள்ளை எவ்வளவு இரசித்தாலும், அந்த இடத்தில் எனக்கு மனம் நெருடும்.

யார் எதை உடுக்கலாம்?

சேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்தில் யார் பட்டு உடுக்கலாம், யார் வெல்வெட் உடுக்கலாம் என்று சட்டமே இருந்தது. ஆனால் மேடை நடிகர்கள் உண்மையான பிரபுக்களின் உடுப்பையே அணிந்தார்கள், தெரியுமா? பிரபு இறந்தால் உடுப்பு வேலைக்காரனுக்குப் போகும். வேலைக்காரன் அதை அணிய முடியாது. நாடகக்காரரிடம் விற்றுவிடுவான். 1599இல் இலண்டனுக்கு வந்த தோமஸ் பிளாட்டர் என்ற சுவிஸ் நாட்டவர் இதை எழுதி வைத்திருக்கிறார். கையுறை செய்பவரின் மகன் அரசனின் உடுப்பில் நடக்கும்போது, அரசன் என்பதும் உடுப்புத்தானோ என்று பார்ப்பவர் மனதில் கேள்வி எழாமலா இருக்கும்?

யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. மேற்சட்டை போடக்கூடாது, செருப்பணியக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது என்று சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட மக்கள், கூத்து மேடையில் முடி தரித்து அரசராக நின்றார்கள். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' 3000 தடவைக்கு மேல் மேடையேறியதாகச் சொல்வார்கள். காங்கேசன்துறையில் பிறந்து, வசந்தகான சபாவைக் கட்டியெழுப்பி, குடாநாட்டின் கோயில் வீதிகளையெல்லாம் விடிய விடிய விழிக்க வைத்த கலைஞர். நாடகத்தில் அரிச்சந்திர மன்னன் சுடலை காக்கிறான். நாடிழந்த மன்னனைச் சுடலைக்காரன் அடிமைகொள்கிறான். பெற்ற பிள்ளையின் பிணத்துக்கே கூலி கேட்க வேண்டிய நிலை. வெளிவீதியில் பாய் விரித்து இருந்தவர்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். உண்மையாகவே அழுதார்கள். ஆனால் அந்த வெளிவீதியைத் தாண்டி உள்ளே போகப் பலருக்கு அனுமதி இல்லாத காலம் அது. மேடையில் சுடலை காத்த அரசனுக்காகக் கண்ணீர், வாசலில் நிற்கும் மனிதனுக்குக் கதவடைப்பு!

1957இலேயே சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அறப்போர் நடத்த வேண்டியிருந்தது. வாசலில் நின்று தடுத்தவர்களுக்கு முன்னின்றவர் யார் தெரியுமா? கணிதப் பேராசிரியராகவும் நாட்டின் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம்! அந்தப் போராட்டத்திலிருந்து பிறந்த நாடகம்தான் என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை'. அம்பலத்தாடிகள் அதைக் காத்தவராயன் கூத்து மெட்டில் மேடையேற்றினார்கள். முருகனே போராடுவோர் பக்கம் வந்து நிற்கும் நாடகம். மறுமலர்ச்சிக் கால நாடகத்தின் நேர்வாரிசு எது என்று என்னைக் கேட்டால், சேக்ஸ்பியரைத் தமிழில் போட்ட மேடைகளை அல்ல, இதைத்தான் கைகாட்டுவேன். அந்த மேடைகளையும் நான் குறைத்து மதிக்கவில்லை. பம்மல் சம்பந்த முதலியாரின் 'வாணிபுர வணிக'னில் கலையரசு சொர்ணலிங்கம் ஷைலொக்காக நடித்ததைப் பற்றி எங்கள் பெரியவர்கள் கண் விரியப் பேசுவார்கள்.

40 ஷில்லிங் நாடகம்

நாடகம் பார்த்து ஓர் அரசு நடுங்கிய கதை ஒன்று சொல்லாமல் விட முடியாது. 1601 பெப்ரவரி. எசெக்ஸ் பிரபுவின் ஆட்கள் சேக்ஸ்பியரின் நாடகக் குழுவிடம் வந்து, 40 ஷில்லிங் கூடுதலாகத் தருகிறோம், 'இரண்டாம் ரிச்சர்ட்' ஆடுங்கள் என்றார்கள். மன்னன் ஒருவன் முடி துறக்க வைக்கப்படும் நாடகம் அது. பெப்ரவரி 7 அன்று ஆடினார்கள். மறுநாள் எசெக்ஸ் எலிசபெத் அரசிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்! கிளர்ச்சி சில மணி நேரத்தில் அடங்கியது. குழுவின் நடிகர் ஒகஸ்டீன் பிலிப்ஸ் விசாரிக்கப்பட்டார். பெப்ரவரி 24 அன்று அதே குழு அரசியின் முன் நாடகம் ஆடியது. மறுநாள் காலை எசெக்ஸின் தலை விழுந்தது.

அப்போது எல்லா நாடகப் பிரதியும் அரச களியாட்ட அதிகாரியின் கைக்குப் போக வேண்டும். எட்மண்ட் டில்னி என்ற அந்த அதிகாரி 'சேர் தோமஸ் மோர்' நாடகப் பிரதியில், கலகக் காட்சியை முழுவதும் நீக்கு என்று தன் கைப்பட எழுதியது இன்றும் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. அதே பிரதியில் மூன்று பக்கங்கள் சேக்ஸ்பியரின் சொந்தக் கையெழுத்து என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்! 1624இல் தோமஸ் மிடில்டனின் 'சதுரங்க ஆட்டம்' ஒன்பது நாட்கள் தொடர்ந்து கூட்டம் அலைமோத ஓடி, அரசகட்டளையால் நிறுத்தப்பட்டது. 1642இல் நாடாளுமன்றம் நாடகசாலைகளையே மூடிவிட்டது.

அந்தப் பழக்கத்தை ஆங்கிலேயர் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இந்தியாவில் 1876இல் நாடக நிகழ்ச்சிகள் சட்டம். இலங்கையில் 1912இல் பொது அரங்காற்றுகைக் கட்டளைச் சட்டம்.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். இணுவிலுக்கு அருகில், மருதனார்மடத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பிள்ளைகள் ஆடலும் பாடலும் பயில்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இணுவில் சின்னத்தம்பிப் புலவரின் கோவலன் நாடகத்தையும் 'அளவுக்கு அளவு' நாடகத்தையும் அடுத்தடுத்த இரவுகளில், ஒரே மேடையில், கோயில் வெளிவீதியில் ஆடிக் காட்டுங்கள். கண்ணகியும் இசபெல்லாவும் ஒரே வாசலில் நிற்பதை எங்கள் ஊர் பார்க்கட்டும்.

ஊரவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பழைய ஏடோ கூத்துக் கொப்பியோ கிடந்தால் எரிக்கவோ எறியவோ வேண்டாம். ஊர் நூலகத்தில் காட்டுங்கள். உங்கள் அப்புவுக்கோ ஆச்சிக்கோ கூத்துப் பாட்டு இரண்டு வரி நினைவிருந்தால், இன்று பின்னேரமே பக்கத்தில் இருந்து பாடச் சொல்லி உங்கள் கைத்தொலைபேசியில் பதிந்துவிடுங்கள்.